ஃப்ரீலான்ஸ் மோஷன் டிசைன் தொழில் வகுப்பு: விலைப்புள்ளி எழுதத் தடுமாறுவோருக்கு ஒரு மதிப்புரை

படங்களுக்கும் எழுத்துகளுக்கும் அசைவு கொடுத்துக் காணொளி செய்யும் மோஷன் டிசைன் வேலையைத் தனியாளாக எடுத்துச் செய்யத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்து ஆண்டுகளில் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஆனால் ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் எதுவும் நின்றதில்லை. வேலை குறைவில்லாமல் வந்தும் பணம் ஏன் தங்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடித்தான், ஃப்ரீலான்ஸ் மோஷன் டிசைனை இலாபம் தரும் தொழிலாக நடத்துவது எப்படி என்று கற்பிக்கும் இணைய வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். குறைகளையும் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருப்பதால் அதன் பெயரையும் நடத்துபவரின் பெயரையும் தவிர்க்கிறேன். இந்தப் பொருளில் விற்கப்படும் வகுப்புகள் பலவும் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதால், எதை வாங்குவதாக இருந்தாலும் எந்தப் பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை அறிய இந்த மதிப்புரை பயன்படலாம்.

வகுப்பு ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: கருவிகள், வாடிக்கையாளரைக் கண்டடைதல், விலை, ஒப்பந்தம், வேலையை நடத்திச்செல்லும் முறை, ஆள் சேர்த்துத் தொழிலை விரிவாக்குதல். கொடுத்த பணத்துக்கு ஈடாக இருப்பவை விலையும் ஒப்பந்தமும் மட்டுமே என்பது என் கருத்து. ஆறாம் பகுதியை நான் ஒரு முறை பார்த்ததோடு சரி. தனியாளாக இருக்க விரும்புகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

விலைப் பகுதி ஒரு எளிய கணக்கில் தொடங்குகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 260 வேலை நாட்கள். விடுப்பு, பண்டிகை, உடல்நலக் குறைவு ஆகியவற்றுக்காக 30 நாட்களைக் கழித்தால் மிஞ்சுவது 230, அதாவது 46 வாரங்கள். விலைப்புள்ளி எழுதுவது, வாடிக்கையாளருடன் பேசுவது, இன்வாய்ஸ் அனுப்பிப் பின்தொடர்வது, புதிய மென்பொருள் பழகுவது, சிறந்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் காணொளியான ஷோரீலைப் புதுப்பிப்பது போன்ற, யாரும் காசு தராத வேலைகளுக்கு வாரத்தில் ஒன்றரை நாள் போகிறது. 46 வாரத்துக்கு 69 நாட்கள். எஞ்சும் 161-இல், ஒரு வேலை முடிந்து அடுத்தது உறுதியாகும்வரை சும்மா இருக்கும் நாட்களை 31 என்று வைத்துக் கழித்தால் 130 நாட்கள் நிற்கின்றன. உண்மையில் விற்பதற்கு நம்மிடம் இருக்கும் சரக்கு இந்த 130 நாட்கள்தான். ஆண்டுக்குத் தேவையான தொகையை, குடும்பச் செலவும் வரியும் சேமிப்பும் கருவிச் செலவும் சேர்த்து, 260-ஆல் வகுத்து நாள்கூலி நிர்ணயிப்பவர் தன் வேலையைச் சரிபாதி விலைக்கு விற்கிறார். நான் ஐந்து ஆண்டுகள் 260-ஆல்தான் வகுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு தாளில்கூட எழுதிப் பார்க்காமல், மாதச் சம்பளம் வாங்கிய காலத்து நினைப்பில்.

இந்தக் கணக்குக்கான விரிதாள் வகுப்போடு கிடைக்கிறது. அதில் கருவிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும் பத்தி பாராட்டத் தக்கது. அடோபி நிறுவனம் 2013-இல் தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு, அசைவு வேலைக்கான அதன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வைத்திருப்பது ஒரு முறை வாங்கி முடிக்கும் செலவாக இல்லாமல், வேலை வந்தாலும் வராவிட்டாலும் போய்க்கொண்டிருக்கும் செலவாகிவிட்டது. அதனுடன் பிளக்-இன்கள் எனப்படும் துணை மென்பொருள்கள், எழுத்துரு உரிமங்கள், இசைச் சந்தா, சேமிப்பு டிஸ்க்குகள், நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டிய கணினி ஆகிய எல்லாம் சேர்கின்றன. கணினி காட்சிகளைக் கணக்கிட்டு இறுதிப் படங்களாக உருவாக்க எடுக்கும் ரெண்டர் நேரத்தையும் செலவாகக் கருதவேண்டும் என்று ஆசிரியர் வலியுறுத்துகிறார். 60 வினாடி முப்பரிமாணக் காணொளியை வினாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்) வீதம் செய்தால் 1500 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால்கூட 50 மணி நேரம். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு வாடிக்கையாளர் வண்ணத்தை மாற்றச் சொன்னால், ரெண்டர் செய்யும் கணினிகளை வாடகைக்குத் தரும் ரெண்டர் ஃபார்மில் பணம் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பணம் யாருடையது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும்.

மணிக்கணக்கு, நாள்கணக்கு, முழு வேலைக்கும் ஒரே தொகை, வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பயனை வைத்து விலை சொல்வது என நான்கு முறைகளை ஆசிரியர் ஒப்பிடுகிறார். மணிக்கணக்கு முறை வேகமாக வேலை செய்பவரைத் தண்டிக்கிறது என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழகப் பழக ஒரே வேலைக்கு வருமானம் குறைவது எந்தத் தொழிலிலும் நியாயமாகாது. ஆனால் பயன் சார்ந்த விலையே உச்சநிலை என்று அவர் ஒரு மணி நேரம் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு காணொளியால் எவ்வளவு விற்பனை கூடும் என்பதை முதல் முறை பேசும் வாடிக்கையாளர் நம்மிடம் சொல்வதில்லை. பல நேரங்களில் அவருக்கே அது தெரிந்திருக்காது. பல ஆண்டு பழகிய இரண்டொருவரிடம் மட்டுமே அம்முறையில் என்னால் பேச முடிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு நாட்களை உள்ளுக்குள் எண்ணி, அதன்மேல் கால் பங்கைச் சேர்த்து, வெளியே ஒரே தொகையாகச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

ஒப்பந்தப் பகுதிதான் இவ்வகுப்பின் உயிர். அதைப் பார்த்தபோது என் பழைய வேலை ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு நிறுவனத்துக்காக 60 வினாடி விளக்கக் காணொளி செய்துகொண்டிருந்தேன். காட்சிகளின் தோற்றத்தைக் காட்டும் மாதிரிப் படங்களான ஸ்டைல் ஃப்ரேம்களைப் பார்த்துவிட்டார்கள், பின்னணிக் குரல் பதிவாகிவிட்டது, அசைவுகள் முடிந்து இசையும் சேர்த்தாயிற்று. ஒப்படைப்பதற்கு முந்தைய மாலை ஒரு மின்னஞ்சல் வந்தது: "உடனடியாக" என்ற சொல்லை எடுத்துவிட்டு "24 மணி நேரத்துக்குள்" என்று போடவேண்டும், சிறிய மாற்றம்தான். குரல் கொடுத்தவர் அன்றிரவே மறுபடி பதிவு செய்து அனுப்பினார். புதிய வாசகம் பழையதைவிட 1.2 வினாடி நீளமாக இருந்தது. 25-ஆல் பெருக்கினால் 30 ஃப்ரேம்கள். அந்த இடத்துக்குப் பின்னால் இருந்த காட்சி அடுக்குகளான அத்தனை லேயர்களையும் 30 ஃப்ரேம் தள்ளினேன். தள்ளியதும் இசையின் தட்டுக்கு ஏற்ப வைத்திருந்த காட்சி வெட்டுகள் எல்லாம் விலகிவிட்டன. இசையை நீட்டினால் மொத்த நீளம் 60 வினாடியைத் தாண்டியது. விளம்பர இடைவெளி 60 வினாடிக்குத்தான் வாங்கப்பட்டிருந்தது. ஆகவே வேறு இரண்டு காட்சிகளைக் குறுக்கி, அவற்றில் அசைவு தொடங்கி முடியும் இடங்களைக் குறிக்கும் கீஃப்ரேம்களைப் புதிதாக அமைத்து, மறுபடி ரெண்டர் செய்ய ஒன்றரை நாள் ஆனது. என் விலைப்புள்ளியில் "திருத்தங்கள் உட்பட" என்று நானே எழுதியிருந்ததால் ஒரு காசும் கேட்க முடியவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது திருத்தங்களுக்கு அப்படியே பொருந்தும்.

இதற்கு வகுப்பு காட்டும் வழி, வேலையைப் பூட்டுகளாகப் பிரிப்பது. எழுத்துப் பிரதி, ஸ்டைல் ஃப்ரேம், அனிமேட்டிக் (காட்சிகளின் வரிசையையும் நேரத்தையும் காட்டும் முதல்நிலை வடிவம்), அசைவு என ஒவ்வொரு படியிலும் வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும். பூட்டிய படியைத் திறக்கச் சொன்னால் அது புதிய விலைப்புள்ளி. கேட்பதற்குக் கண்டிப்பாகத் தோன்றினாலும், இதைச் சொல்லவேண்டிய மொழியை ஆசிரியர் மிகவும் மென்மையாக அமைத்துத் தருகிறார். "செய்துவிடலாம், அனிமேட்டிக் ஒப்புதலுக்குப் பிறகு வரும் மாற்றம் என்பதால் கூடுதலாக இரண்டு நாள் ஆகும், தொகையை இணைத்திருக்கிறேன்" என்ற பாணியிலான பதிலை நான் இப்போது வழக்கமாக அனுப்புகிறேன். பாதிப்பேர் மாற்றத்தை விட்டுவிடுகிறார்கள். மீதிப்பேர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு சுற்றுத் திருத்தம் என்றால் என்ன என்பதையும் வரையறுக்கச் சொல்வது நல்ல யோசனை: நிறுவனத்தில் உள்ள எல்லாருடைய கருத்தும் ஒரே பட்டியலாக, ஒரே ஆளிடமிருந்து வரவேண்டும். காலையில் ஒரு மேலாளரும் மாலையில் இன்னொரு மேலாளரும் எதிரெதிராகச் சொல்லும் கொடுமை இதனால் பெருமளவு குறைகிறது.

முன்பணம் பாதி, கோப்புகளை ஒப்படைக்கும் முன் மீதி, இடையில் வேலை கைவிடப்பட்டால் அதுவரை செய்ததற்கான இழப்பீடு ஆகிய விதிகள் எல்லா வகுப்பிலும் இருக்கக்கூடியவை. இங்கே தனித்து நிற்பது நாட்களைப் பிடித்து வைக்கும் வழக்கத்தைப் பற்றிய பாடம். ஸ்டுடியோக்கள் ஃப்ரீலான்சரிடம் வேலையை உறுதி செய்யாமலேயே சில நாட்களை "ஹோல்டு" செய்துவைக்கும். முதல் ஹோல்டு ஒருவரிடம் இருக்க, இன்னொருவர் அதே நாட்களை உறுதியாகக் கேட்டால், முதலாமவருக்குத் தகவல் சொல்லி, குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்யுமாறு அல்லது விட்டுவிடுமாறு கேட்கவேண்டும். இந்த நடைமுறை தெரியாமல், வராத வேலைக்காக இரண்டு வாரம் காலியாக வைத்துக்கொண்டு, வந்த வேலையைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. மேலே சொன்ன 130 நாட்களில் பத்து நாள் அப்படிப் போனால் ஆண்டு வருமானத்தில் எவ்வளவு போகிறது என்பதை விரிதாளில் பார்த்தபோதுதான் உறைத்தது.

மூலக் கோப்புகளைத் தருவது பற்றிய பாடமும் பயனுள்ளது. முடிந்த காணொளியைத் தருவது வேறு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கோப்பையே தருவது வேறு. பின்னதற்குத் தனி விலை உண்டு என்பதோடு, அதில் உள்ள எழுத்துருவுக்கும் இசைக்கும் வாடிக்கையாளர் தாமே உரிமம் வாங்கவேண்டியிருக்கும் என்பதையும் எழுத்தில் சொல்லவேண்டும். இணையத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற இசை தொலைக்காட்சியில் ஒலித்தால் கேள்வி முதலில் நம்மிடம்தான் வரும். வகுப்போடு தரப்படும் மாதிரி ஒப்பந்தத்தை மட்டும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. அது ஆசிரியர் வாழும் நாட்டின் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. தகராறு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்ற வரிகூட மாற்றப்படவேண்டியது. ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிசெய்வது நல்லது என்பதை ஆசிரியர் எங்கும் சொல்லாதது பெரிய குறை.

கருவிகள் பகுதி ஏமாற்றமளிக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993-இல் முதலில் வெளிவந்த கதையில் தொடங்கி, பாதி நேரம் பிளக்-இன் பட்டியலில் போய்விடுகிறது; இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரைப் பற்றி ஓரிரு நிமிடங்களே பேசுகிறார். தொழில் தொடங்குகிறவரின் முதல் ஆண்டுச் செலவைப் பெருமளவு குறைக்கக்கூடிய மென்பொருளை இவ்வளவு அலட்சியமாகக் கடந்துபோவது, இலாபம் பற்றிய வகுப்பில் பொருந்தவில்லை. லாட்டி பற்றிய பாடம் மட்டும் விதிவிலக்கு. ஏர்பிஎன்பி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்த முறையில், அசைவைக் காணொளியாக இல்லாமல் ஜேசன் என்ற சிறிய எழுத்துவடிவத் தரவுக் கோப்பாகச் செயலிகளுக்குள் வைக்கலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்யும் எல்லாமே அதில் வேலை செய்யாது, குறிப்பாகப் பெரும்பாலான எஃபெக்ட்கள் வெளிவருவதில்லை. அதனால் வடிவமைக்கும்போதே அந்த எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பதையும், விலையை வினாடிக்கணக்கில் சொல்லாமல் அசைவுகளின் எண்ணிக்கையில் சொல்லவேண்டும் என்பதையும் தெளிவாகக் காட்டுகிறார்.

வாடிக்கையாளரைக் கண்டடையும் பகுதியில் ஷோரீல் பற்றிய இருபது நிமிடம் போதும்: ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது, சிறந்ததை முதலில் வைப்பது, இனிமேல் செய்ய விரும்பாத வகை வேலையை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே எடுப்பது. மற்றதெல்லாம் தினமும் பதிவிடுங்கள் என்ற அறிவுரையின் பல வடிவங்கள். தினமும் பதிவிட ஆகும் நேரம் அந்த 130 நாட்களில் எதிலிருந்து கழிகிறது என்று தன் விரிதாளையே அவர் கேட்டுப் பார்க்கவில்லை.

பணம் தாமதமாக வருவது, வெளிநாட்டிலிருந்து பெறும்போது வங்கிகள் பிடிக்கும் கழிவு, நாணய மாற்றில் போகும் தொகை ஆகியவற்றுக்கு வகுப்பில் தனிப் பாடமே இல்லை. இதைப் பற்றிக் கேள்வி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, வேறொரு வகுப்பை வாங்குமாறு பரிந்துரைக்கும் பதில் வந்தது. ஒலிப்பதிவும் சீராக இல்லை. ஒலியைப் பற்றி ஒரு பாடமே எடுப்பவரின் குரல், இரண்டு இடங்களில் மின்விசிறிச் சத்தத்தில் முங்கிப்போவது வேடிக்கைதான்.

மென்பொருள் பழகிக்கொண்டிருப்பவர்கள் இப்போதைக்கு இதை வாங்கவேண்டியதில்லை. கைவசம் பத்துப் பதினைந்து வேலைகளைச் செய்து முடித்து, அவற்றில் எங்கே அடிபட்டோம் என்று தெரிந்தவர்களுக்கே இதன் நடுப்பகுதி புரியும். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும்: பார்க்கும் உரிமை ஓராண்டுக்கு மட்டுமே, விரிதாளையும் மாதிரி ஒப்பந்தத்தையும் தவிர வேறெதையும் தரவிறக்க முடியாது. வாடிக்கையாளருக்கு எழுதும் பதில்கள் திரையில் மட்டுமே வந்து போகின்றன. அவற்றை நிறுத்தி நிறுத்திக் கையால் எழுதிக்கொள்ளவேண்டியிருந்தது, எனக்குப் பதினோரு பக்கம் ஆனது.