பன்றி இறைச்சி ரோஸ்ட்: ஆப்பிளா, அன்னாசியா?

பழம் சேர்த்து ரோஸ்ட் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

ஊறவைத்தல்
ஆப்பிள்: தேவையே இல்லை.
அன்னாசி: இங்கேதான் கவனம் வேண்டும். புதிதாக நறுக்கிய அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி உண்டு. அது இறைச்சியின் புரதத்தை உடைக்கும். சிறிது நேரம் ஊறினால் மென்மை, இரவு முழுக்க விட்டால் மேற்பகுதி கூழ். டின்னில் வருவது ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதில் இந்தத் தொல்லை இல்லை (மென்மையாக்கும் பலனும் இல்லைதான்).

ஓவனில்
ஆப்பிள்: கெட்டியான, புளிப்பான ரகம் எடுங்கள். கடைசி 40 நிமிடத்தில் சேர்த்தால் போதும். முதலிலேயே போட்டால் குழைந்துவிடும், ஆனால் அதுவே நல்ல குழம்பாகும்.
அன்னாசி: உருக்குலையாது. சாற்றிலுள்ள சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால் கடைசியில் பூசுங்கள்.

வேலை
அன்னாசி சீவுவதற்குப் பொறுமை வேண்டும். ஆப்பிளைத் தோலோடே போடலாம்.

எந்தப் பழமானாலும் இடுப்புப் பகுதித் துண்டின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸ் தொட்டதும் எடுத்து, 3 நிமிடமாவது ஆறவிட்டு வெட்டுங்கள். தோள்பட்டைக் கறி நாராகப் பிரிய 90 டிகிரியை ஒட்டி வேக வேண்டும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, சாப்பாடு மிதமாக இருக்க வேண்டுமென்றால், ஆப்பிள். காரமும் புளிப்பும் தூக்கலாகக் கேட்பவர்களுக்கு அன்னாசி. என் ஓட்டு ஆப்பிளுக்கு. அப்புறம் அந்தக் குழம்பை விட மனசு வராது.