முன்கதவு மெஷினா, இரட்டைத் தொட்டியா? வன்னித் தண்ணீருக்கு எது ஒத்துவரும்

7 கிலோ உடுப்பை முன்கதவு மெஷின் ஏறத்தாழ 50 லீற்றரில் தோய்த்துவிடும். மேல்மூடி ஓட்டோமற்றிக்குக்கு 100 லீற்றருக்கு மேல் வேண்டும். கோடையில் கிணறு அடிதட்டும் வன்னியில் இந்தக் கணக்கு ஆசை காட்டத்தான் செய்யும். ஆனால் அது தண்ணீர் வேகமாக வரும், சுண்ணாம்பு குறைந்த ஊர்களுக்குப் போட்ட கணக்கு.

முதல் சிக்கல் தாங்கியின் உயரம். பல முன்கதவு மெஷின்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. ஒரு மீற்றர் உயரம் தருவது 0.1 பார். 10 அடித் தூணில் நிற்கும் தாங்கி 0.3 பாரைத்தான் எட்டும்; கேட்டதைக் கொடுக்க 16, 17 அடி வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் நிரம்பாமல் காத்திருந்து, பிழைக்குறி காட்டி நின்றுவிடும். பழுது என்று ஆளைக் கூப்பிட முன் தண்ணீர்க் குழாயைப் பூட்டி, பின்பக்கப் பைப்பைக் கழற்றி, வால்வின் வாயிலுள்ள சல்லடையைக் குறட்டால் மெல்ல இழுத்துப் பாருங்கள். குழாய்க்கிணற்று மணல் அதை அடைத்திருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும்.

இரண்டாவது கல்நீர், அதாவது சுண்ணாம்பு கூடிய தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற வீட்டில், மெஷினின் ஹீற்றரிலும் அதே படைதான் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் சிற்றிக் அமிலத்தை வெறும் ட்ரம்மில் போட்டு 60 பாகையில் ஓடவிடலாம். கைத்தோய்ப்புத் தூளைப் போடவே வேண்டாம். நுரை பொங்கினால் மெஷின் தானாகவே மேலதிக அலசல் எடுக்கும். சேமித்த தண்ணீர் அங்கே போய்விடும்.

வயல் உடுப்பு இன்னொரு தொல்லை. குறைந்த தண்ணீரில் சேறு வெளியேறாமல் உடுப்போடு சுற்றும், மணல் கதவு றப்பரின் மடிப்பில் தங்கும். முதலில் வாளியில் அலசித்தான் போடவேண்டும். அந்த வாளித் தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை!

மேல்மூடி ஓட்டோமற்றிக் இடையில் நிற்கிறது: நேரம் குறைவு, தண்ணீர்ச் செலவு அதிகம். கிணறு வற்றாத வீட்டுக்குச் சரி.

தோய்க்க ஒன்று, பிழிய ஒன்று என்றிருக்கும் இரட்டைத் தொட்டிக்கு அழுத்தமே தேவையில்லை, வாளியாலும் ஊற்றலாம். ஒரே சவர்க்காரத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு நிற உடுப்பு, கடைசியில் வயல் உடுப்பு என்று மூன்று தரம் தோய்க்கலாம். கரண்ட் போனால் உடுப்பைக் கையால் எடுத்துவிடலாம், பூட்டிய கதவு இல்லை. கரைச்சல் என்னவென்றால் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும், ஈர உடுப்பைத் தூக்கி மாற்றவேண்டும். பிழியும் தொட்டியில் உடுப்பை ஒரு பக்கமாகத் திணித்தால் டமடமவென்று அடிக்கும். சுற்றிவரப் பரப்பி, மேலே அமுக்குத் தட்டை வைத்து மூடுங்கள். வாங்கிய அன்றே அடிப்பக்கத்தைப் பாருங்கள். திறந்திருந்தால் கம்பிவலை அடியுங்கள், எலிக்கு வயர் என்றால் கொள்ளை ஆசை.