யூ மரம் பார்க்க ஃபோர்ட்டிங்காலா, பெயின்ஸ்விக்கா?

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கால் தேவாலய வளாகத்தில் பெயர்பெற்றது ஒற்றை யூ (yew) மரம்; என்றும் பசுமையான ஊசியிலை மர வகை இது. வயது 2,000 முதல் 3,000 ஆண்டுகள் வரை என்கிறார்கள். நடுத்தண்டே உளுத்துப்போன பிறகு வளையங்களை எண்ணுவது எப்படி? 1769-இல் சுற்றளவு 52 அடி. இன்று தனித்தனித் தண்டுகளாகப் பிளந்து, மதிலுக்குள் நிற்கிறது. ஆண் மரமான இதன் ஒரு கிளையில் மட்டும் 2015-இல் சிவப்புப் பழங்கள் தென்பட்டன. கிளை பெண்ணாகிவிட்டதாம்!

இங்கிலாந்தின் பெயின்ஸ்விக்கிலோ, கல்லறைகளுக்கிடையே ஏராளமான யூ மரங்கள், ஆண்டுதோறும் கத்தரிக்கப்பட்டு உருண்டு திரண்டு நிற்கின்றன. 99தான் நிலைக்கும், நூறாவதைப் பிசாசு விடாது என்பது ஊர்க்கதை. வயது சில நூறு ஆண்டுகளே.

படம் எடுக்கப் பெயின்ஸ்விக். என் ஓட்டு ஃபோர்ட்டிங்காலுக்கே, மதிலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்றாலும். இரண்டு இடத்திலும் இலையைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கொடிய நஞ்சு.