தூக்க மாத்திரையும் கெட்டமினும்: எது எங்கே தாக்கும்?

அல்பிரசோலம், டயசெபம் போன்ற மாத்திரைகள் மூளையின் வேகத்தைக் குறைக்கின்றன. மறதி, தள்ளாட்டம் எல்லாம் வரும், சரி. மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். சில வாரங்கள் தினமும் எடுத்தாலே உடல் பழகிவிடும்; அப்புறம் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்தான கெட்டமின் வேறு ரகம். நினைவு உடலைவிட்டு விலகியதுபோல் இருக்கும். இரத்த அழுத்தம் ஏறும். வலி தெரியாததால் அடிபட்டதே உறைக்காது. அடிக்கடி எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கலாம்: ஓயாமல் கழிப்பறை, சிறுநீரில் இரத்தம். பலர் இதை எதிர்பார்ப்பதே இல்லை.

இரண்டையும் கலப்பதுதான் எனக்குப் பெரிய பயம். நினைவில்லாமல் கிடக்கும்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.