1940-ம் வருஷத்து டின்னில் பின்கோடு எப்படி வந்தது?

பழைய தகர டின் மேல் ஆசை உள்ளவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 4,800 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

பாட்டி வீட்டில் சதுரமான பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. தீபாவளி முறுக்கு கார்த்திகை வரை நமுத்துப்போகாது. மூடியைத் திறக்கக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும். வீட்டைக் காலி செய்தபோது அதுவும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. அந்த ஏக்கம்தான் எனக்கு வினை. "செட்டிநாட்டு வீட்டுப் பொருள், 1940கள், ஒரிஜினல்" என்று இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் நாலு டீத்தூள் டின்களைப் பார்த்ததும் உடனே ஜிபே செய்துவிட்டேன். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருநாள் பஸ் ஏறியிருந்தால் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்கியிருக்கலாம். சோம்பேறித்தனம்.

வந்த டின்கள் பார்க்க அசல் மாதிரியே இருந்தன. கழுவிக் காயவைத்து ஒன்றில் முறுக்கு போட்டேன். இரண்டே நாளில் முறுக்கில் பெயின்ட் வாடை. சந்தேகம் வந்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். மூலையில் இருந்த துரு துணியோடு வந்துவிட்டது! நிஜத் துரு தகரத்தைத் தின்றிருக்கும், விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படும். இது வெறும் பழுப்புச் சாயம். அடியில் தகரம் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

அப்புறம்தான் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மெட்ராஸ் முகவரி, கூடவே ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல். அதற்கு முன்பெல்லாம் மெட்ராஸ்-4, மெட்ராஸ்-17 என்றுதான் எழுதுவார்கள். கீழே "500 கிராம்" வேறு. கிலோவும் கிராமும் நம் கடைகளுக்கு 1958-க்கு அப்புறம் படிப்படியாக வந்தவை. 1940-ல் டீத்தூள் பவுண்டுக் கணக்கு. போலி செய்கிறவர் பாட்டியிடமாவது கேட்டிருக்கலாம்.

விற்றவரைக் கேட்டேன். "மேடம், விண்டேஜ் ஸ்டைல்னுதானே போட்டோம்?" என்றார். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. இரண்டாவது மெசேஜுக்கு பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது யுபிஐ பரிவர்த்தனை எண் மட்டும்தான். கடை முகவரிகூட இல்லை.

வாங்கியே தீருவேன் என்றால் அடிப்பாகம், உட்புறம், இணைப்பு மூன்றையும் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அசலே கிடைத்தாலும் சமையல் பொருளை நேராகக் கொட்ட வேண்டாம். அந்தக் காலத்து டின்களின் இணைப்பில் காரீயப் பற்றவைப்பு இருக்கலாம், மேலே உள்ள பெயின்ட்டிலும் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. புளியும் உப்பும் அதில் போடவே கூடாது.

என் நாலு டின்னில் ஒன்றில் இப்போது துணிக் கிளிப் இருக்கிறது. மற்ற மூன்றும் பால்கனியில் வெயில் காய்கின்றன. வாடை இன்னும் போகவில்லை.