குடியிருந்த நான்கு வீடுகளும் அவற்றின் தண்ணீரும்

பிறந்ததிலிருந்து எம்.ஏ. முடிக்கிற வரைக்கும் நான்கு இடங்களில் குடியிருந்திருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் பாட்டி வீடு, நெய்வேலி குவார்ட்டர்ஸ், கடலூரில் ஒரு மாடி போர்ஷன், சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். செல்போன் கவருக்குக்கூட விமர்சனம் எழுதுகிறோம், வருடக்கணக்கில் படுத்து எழுந்த வீட்டுக்கு எழுதுவதில்லை. அக்கா மகன் இந்த வருடம் கல்லூரிக்காகச் சென்னையில் அறை தேடுகிறான், அவனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சதுர அடி, காற்றோட்டம் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பார்ப்பது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதைத் திறந்து மூடுகிற உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைத்தான்.

பாட்டி வீடு நாட்டு ஓடு வேய்ந்த வீடு, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. ஐந்து வயது வரை அங்கே இருந்தேன். கிணற்றுச் சகடை கிறீச்சிடும் சத்தத்தில்தான் விடியும். சித்திரை வைகாசியில் தண்ணீர் அடியில் போய்விடும், கயிற்றுக்கு இன்னொரு துண்டு முடிந்து இறைப்பார்கள். மழைக்கு முன்னால் வருடா வருடம் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும், அப்படியும் நாலு இடத்தில் ஒழுகும், அந்த நாலு இடத்துக்கும் தனித்தனிப் பாத்திரம் உண்டு. தேள் வரும். ஆனால் திண்ணையில் படுத்தால் மின்விசிறி தேவைப்படாது. அந்தக் கிணற்றில் தெருக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து இறைக்கலாம், பாட்டி யாரையும் கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை.

நெய்வேலி வேறு உலகம். அங்கே தெருப் பெயர் சொல்வதைவிட எத்தனையாவது வட்டம் என்றுதான் கேட்பார்கள். நேர்கோட்டில் சாலை, இரண்டு பக்கமும் மரம், வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் தோட்டம். 1957 மே மாதம் நேரு வந்து பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த ஊர், சுற்றியிருந்த கிராமங்கள் நிலத்தைக் கொடுத்ததால் எழுந்த ஊர், அதை அங்கே வளர்ந்தவர்கள் மறக்கக் கூடாது. எங்களுக்குக் கிடைத்தது சின்ன குவார்ட்டர்ஸ்தான், இரண்டு அறை, ஒரு சமையலறை. நாங்கள் ஐந்து பேர். இடம் போதவில்லை என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை, காரணம் பின்பக்கத் தோட்டம். முருங்கை, கறிவேப்பிலை, ஒரு பலா. மாநிலம் முழுக்க மின்வெட்டு இருந்த அந்த வருடங்களில் வெளியூர் உறவினர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்காருவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அதை அடிக்க இன்னொரு வீட்டை நான் பார்க்கவில்லை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கிற நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கும். அதைப் பம்பு வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அப்பா இதை எனக்கு ஒரு தட்டு, ஈரத்துணி, டம்ளர் வைத்து விளக்கியிருக்கிறார். அப்படி இறைத்த தண்ணீர்தான் குவார்ட்டர்ஸுக்கும் வரும், எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாள் எனக்கு நினைவில் இல்லை. தொட்டியை நிரப்பி வைக்கிற பழக்கமே எனக்கு அங்கே வரவில்லை, பின்னால் அதற்காக நிறையக் கஷ்டப்பட்டேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது. கதவை நானும் அண்ணனும் முதுகால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்து பார்த்தால் பலா வேரோடு சாய்ந்து கிடந்தது, தெருவே அடையாளம் தெரியவில்லை. வீடு அசையவில்லை. பாட்டி வீட்டில் பாதி ஓடு இல்லை, அந்தப் பக்கத்து முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் படுத்துவிட்டன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பாட்டியைக் கூட்டி வந்தோம். பாட்டி வந்து எங்கள் குழாயைத் திறந்து விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் மூடினார். அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஒரே குறை, அது நம் வீடு இல்லை. 2015-ல் அப்பா ஓய்வு பெற்றார், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். சாய்ந்த பலாவுக்குப் பதிலாக நான் வைத்த கன்று அப்போது என் உயரம்.

அங்கிருந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தோம், எனக்கு அங்கே கல்லூரி. மாடி போர்ஷன், கீழே வீட்டுக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான், விருந்தாளி வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க, சமைக்கக் கேன் தண்ணீர், அந்தச் செலவை வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடாமல் வந்துவிட்டோமே என்று அம்மா மாதாமாதம் வருத்தப்பட்டார். நீங்கள் போர்ஷன் பார்க்கப் போனால் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

அந்த நவம்பரிலேயே வெள்ளம் வந்தது. கீழ்வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக்காரர் குடும்பம் மொத்தமும் மேலே எங்களோடு நான்கு நாள் இருந்தார்கள், ஒரே அடுப்பு, ஒரே பானைச் சோறு. அதற்கப்புறம் மோட்டார் நேரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்துக் காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்துக்கு ஐந்து.

எம்.ஏ. சென்னைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கம் வளாகம். நடந்து போகிற தூரத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன், இரண்டாவது மாடி. அறைக்கு மூன்று பேர், மூன்று இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். மாடிக்கு மூன்று குளியலறை, இருபதுக்கும் மேற்பட்டவர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், டெலிவரி வேலை செய்பவர், முப்பது வருடமாக அதே அறையில் இருக்கிற பெரியவர் ஒருவர். மெஸ் சாப்பாடு, பழைய புத்தகக் கடைகள், சாயங்காலம் மெரினா எல்லாம் காலடியில். அந்த வாடகைக்கு சென்னையில் வேறெங்கும் இது கிடைக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2019 கோடையில்தான் அங்கே தண்ணீரின் விலை தெரிந்தது. பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு கிடந்தன. ஆளுக்கு நாளைக்கு இரண்டு வாளி என்று எங்கள் மாடியில் நாங்களே முடிவு செய்தோம். லாரி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் நேரம் காலம் பார்க்காமல் கீழே ஓட வேண்டும். என் முறை அதிகாலை மூன்று மணிக்கு, முப்பது வருடப் பெரியவரின் வாளியையும் நான்தான் தூக்கி வருவேன். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்போது நகரத்தைத் தாங்கியதில் வீராணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் மாவட்டத்து ஏரி. சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, காடாம்புலியூர் வழியாக போரூர் வரை சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் வருகிற தண்ணீர். பாட்டி ஊருக்குப் பஸ்ஸில் அந்த வடக்குத்தையும் காடாம்புலியூரையும் தாண்டித்தான் போவோம். சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை கடந்த இடம். இதை அந்த அறையில் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்ட அன்று, கையிலிருந்த டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. இரண்டு செட் துணியோடு ஊருக்குப் போனவன் ஏழு மாதம் கழித்துத்தான் பெட்டியை எடுக்க வந்தேன். பூட்டிக் கிடந்த அறைக்கு மேன்ஷன்காரர் வாடகை கேட்கவில்லை. இதற்காகவே பத்துக்கு எட்டு. மூட்டைப்பூச்சிக்கு இரண்டு குறைத்திருக்கிறேன்.

தம்பி, மேன்ஷனோ விடுதியோ, சாயங்காலம் போய்ப் பார்க்காதே. சாயங்காலம் எல்லா அறையும் நன்றாகத்தான் இருக்கும். காலை ஆறு மணிக்குப் போ. குளியலறை வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணு, தண்ணீர் நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று அந்த வரிசையில் நிற்பவரிடமே கேள். அப்புறம் அட்வான்ஸைக் கொடு, ரசீது வாங்கிக்கொள்.