பாராட்டா, பரிவா? தோற்றுப்போன நாளில் எது கைகொடுக்கும்

மகளுக்கு ஏழு வயது ஆகும்வரை எங்கள் வீட்டில் பாராட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பல் தேய்த்தால் 'சூப்பர்', படம் வரைந்தால் 'அடடா, என்ன அழகு', கணக்கு சரியாக வந்தால் 'நீ பெரிய புத்திசாலிடா கண்ணு'. கடந்த இரண்டு வருஷமாக அதைக் குறைத்துக்கொண்டு, அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று முதலில் கேட்கும் பழக்கத்துக்கு வந்திருக்கிறோம். இரண்டையும் செய்து பார்த்த அம்மாவாக எழுதுகிறேன். நான் பரிவின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திட்டும் அடியும் இந்த ஒப்பீட்டிலேயே இல்லை. பாராட்ட ஒரு நொடி போதும். பரிவுக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். பாராட்டினால் பிள்ளை உடனே சிரிக்கும். பரிவு காட்டினால் சில சமயம் அழுகை கூடத்தான் செய்யும். இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்வி: பிள்ளை தோற்றுப்போய் வரும் நாளில் நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது?

ஒரு சாயங்காலம் கணக்குத் தேர்வு பற்றிக் கேட்டேன். "இன்னும் பேப்பர் தரலைம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். இரண்டு நாள் கழித்து அவளுடைய பென்சில் பெட்டியைத் துடைக்கும்போது, அடியில் எட்டாக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. மார்க் போட்டிருந்த இடத்தை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து, தாளே நைந்துபோயிருந்தது. 20-க்கு 9 என்பது அப்போதும் மங்கலாகத் தெரிந்தது. மார்க்குக்காக அவளை ஒருநாள்கூட நாங்கள் திட்டியதில்லை. ஏன் மறைத்தாய் என்றதற்கு, "நான் புத்திசாலி இல்லன்னு உனக்குத் தெரிஞ்சிடும்ல" என்றாள்.

உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுலபமான புதிர்களைக் கொடுத்து, சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும் சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் விட்டுப்போனது, அதற்கடுத்த சுற்றிலும் சறுக்கினார்கள். எத்தனை மார்க் என்று வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் 10-க்கு 4 பேர் பொய்யாகக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கிய பிள்ளைகளில் அது சுமார் 8-க்கு ஒருவர்தான். என் கண்ணில் அந்தப் பென்சில் பெட்டிதான் வந்து நின்றது.

சரி, உழைப்பைப் பாராட்டினால் போதுமே என்று தோன்றும். சில மாதம் அதையும் செய்தோம். நிச்சயம் மேல்தான். ஆனால் அவள் முழு மூச்சாகப் படித்தும் மார்க் குறைந்த அன்று, 'நல்லா முயற்சி பண்ணினே' என்று நான் சொன்னது அவள் காதில் வெறும் ஆறுதலாகத்தான் விழுந்தது. புத்தியைச் சொன்னாலும் உழைப்பைச் சொன்னாலும் பாராட்டு என்பது நாம் போடும் மார்க்தான். ஏற்கெனவே மார்க்கால் அடிபட்டு வந்த பிள்ளைக்கு இன்னொரு மார்க் எதற்கு?

பிறகொரு நாள் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாள். ஷூவைக் கழற்றாமலே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். 'பரவாயில்ல, நீ நல்லாத்தான் ஓடினே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அது பொய் என்று அவளுக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். "எல்லாரும் போய்ச் சேர்ந்து நின்னுட்டாங்கம்மா. நான் மட்டும் ஓடிட்டே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் வேறெதுவும் சொல்லவில்லை. அழுது முடித்து, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே முழுப் பந்தயத்தையும் அவளாகவே சொன்னாள்.

பாராட்டில் இன்னொரு தொல்லை, அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு கோடு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், இன்னொரு கோடு, திரும்ப என் முகம். பரிசை எதிர்பார்க்க வைத்தால் என்ன ஆகும் என்று 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்த சோதனையில், வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொல்லி வைத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களோடு பார்த்தால் பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

பரிவு என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். "இன்னும் விளையாடணும் போல இருக்கு, இல்லையா? ஆனா தூங்கற நேரம் ஆச்சு" என்றுதான் சொல்வேன், விளக்கு அணைந்துவிடும். நான் தப்பு செய்ததும் உண்டு. ஒருமுறை "தம்பி மேல பொறாமையா?" என்று நானே பேர் வைத்துவிட்டேன், கதவை அறைந்துகொண்டு போனாள். அப்புறம் ஊகித்துச் சொல்வதை விட்டுவிட்டேன், கேட்பதோடு சரி. களைத்துப்போன இரவுகளில் அதுவும் வருவதில்லை.

மூன்று வயது மகனிடம் பாராட்டை விடவில்லை. "செருப்பை நீயே ஜோடியா வச்சிட்டியே!" என்றால் மறுநாளும் வைக்கிறான். பழக்கம் படிகிற வயதுக்கு அது நன்றாகவே உதவுகிறது. பதின்வயதில் இதெல்லாம் எப்படிப் போகும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. என் மகள் வாயாடி வேறு. பேசாத பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் விசாரணை மாதிரி இருந்தாலும் இருக்கலாம்.

போன வாரம் அறிவியல் தாள் வந்தது, 25-க்கு 11. பள்ளிப் பையைக்கூட இறக்கவில்லை, தாளை மேஜையில் விரித்து மார்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "முதல்ல நான் சொல்றதைக் கேளும்மா, அப்புறம் பாரு" என்றாள்.